ராயல் ஓபரா ஹவுஸ்: ஒரு பாட்டு மாளிகையின் வரலாறு

மும்பை மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ‘ஓபரா ஹவுஸ்’ என்னும் பெயரைக் கேளாதார் எவரும் இலர். பஸ் கண்டக்டர் அப்பெயரைக் கூவுகிறார். டாக்ஸியில் ஏறி அமர்ந்ததும் நாமும் அதையே சொல்கிறோம். வைர வியாபாரிகள் பல்லாண்டுகளாகக் கூடிய வட்டாரம் அது. 2011ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் நகரின் மூன்று இடங்களில் குண்டுகள் வெடித்தனவே, அவற்றுள் ஒன்று வெடித்ததும் அவ்வட்டாரத்தில்தான். ஆயினும், ‘ஹவுஸ்’ என்கிறார்களே, அந்த வீடு எது, அதைக் கட்டியவர் யார், அதில் பாடியவர் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலர் விடை கூறத் திணறுவோம். அதற்காக நம்மை முழுதும் குறை கூறுவதற்கில்லை. 1993 முதல் 2016 வரை, 23 ஆண்டுகள், அவ்வீடு பூட்டியே கிடந்தது. வீடு மௌனமாகிவிட்டது, பெயர் மட்டும் தெருத் தெருவாக உலவிக் கொண்டிருந்தது.

சங்கத்தின் ஆண்டு மலர் என்றால் தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் மாமல்லையைப் பற்றியும் எழுதுவது மரபு. அம்மரபை நாம் மதிக்கிறோம். எனினும், நமக்குச் சோறிட்டு வாழ்வளிக்கும் ஊரின் கட்டடம் ஒன்றையும் ஆண்டுக்கொரு முறையேனும் ஏறெடுத்துப் பார்ப்பது தகும் என்று தோன்றிற்று. நாம் ரயில்வேக் காரியாலயத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவரேயன்றிக் கட்டடக் கலை கற்றவரல்லோம். கண்ணால் கண்டதையும் படித்து அறிந்ததையும் கொண்டே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஓபரா என்பது யாது என்று சிறிது கூறிவிடுவோம். வசனத்தைப் பேசாமல் பாடியே நடிக்கும் நாடகம் அது. ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் தோன்றியது. தொடக்கத்தில் அது பிரபுக்களின் அரண்மனைகளுக்கே உரிய பொழுதுபோக்காக இருந்தது. 1637இல் வெனிஸ் நகரத்தில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் எவரும் நுழையலாம் என்று ஒரு கொட்டகை திறக்கப்பட்டது. அன்று முதல் ஓபரா என்பது ஒரு கலையாக மட்டும் நில்லாமல் ஒரு கட்டட வகையாகவும் வளர்ந்தது.

அக்கட்டட வகையின் இலக்கணத்தைப் புரிந்து கொண்டால்தான் நம் ஊர் மாளிகையின் அருமை விளங்கும். பாடுபவருக்கு மைக் இல்லை. எதிரே ஐம்பது அறுபது வாத்தியங்கள் ஒலிக்கின்றன. அந்த ஒலியையும் தாண்டி ஒரு மனிதக் குரல் கடைசிப் பெஞ்சில் அமர்ந்திருப்பவன் காதில் விழ வேண்டும். இதற்கென்று இத்தாலியர் கண்ட வழி குதிரை லாட வடிவம். மேடையைப் பார்த்து லாடம்போல் வளைந்த சுவர். அச்சுவரில் தேன்கூட்டுக் கண்ணறைகளைப்போல் அடுக்கடுக்காகச் சிறு மாடங்கள். ‘பாக்ஸ்’ என்று பழைய சினிமாக் கொட்டகைகளில் நாம் வழங்கிய தனியறைகள் இவற்றின் வழி வந்தவையே. மக்களைப் பின்னோக்கி நீளமாக அமர்த்தாமல் மேல்நோக்கி அடுக்கி அமர்த்தியதால், ஆயிரம் பேர் கூடினும் மேடையிலிருந்து வெகு தொலைவில் இருப்பவர் எவருமில்லை என்றாயிற்று. மாடங்களின் மேடு பள்ளங்களும், சுதை வேலையின் பூக்களும் கொடிகளும் ஒலியைச் சிதற அடித்து எதிரொலியைத் தடுத்தன. மெத்தை இருக்கைகளும் திரைச் சீலைகளும் எஞ்சிய இரைச்சலை உறிஞ்சிக் கொண்டன. நாம் வெறும் ஆடம்பரம் என்று எண்ணும் அலங்காரத்துக்கும் அங்கே ஒரு வேலை உண்டு என்க.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்குக்கு அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல் என்று அளவு வகுத்து, தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைக்கும் முறையையும் கூறுவது தமிழன்பர்கள் அறிந்ததே. நம் நூல் ஆடுவோரின் இடத்துக்கு அளவு சொல்கிறது. மேல்நாட்டாரோ கேட்போரின் இடத்துக்கே மிகுதியும் கணக்குப் பார்த்தனர். இரண்டும் அறிவுடைமையே.

அவர்கள் பார்த்த கணக்கில் மற்றொன்றும் இருந்தது. யார் எங்கே அமர்வது என்பதே அது. மாடங்களில் செல்வர், கீழ்த்தளத்தில் நடுத்தரத்தார், கூரைக்கு அடியில் உள்ள கேலரியில் ஏழை எளியவர். ஐரோப்பாவின் பல அரங்குகளில் கேலரிக்குத் தனி வாயிலும் தனிப் படிக்கட்டும் வைத்திருந்தனர். ஆனால் குரல் மட்டும் இந்த வேற்றுமையை மதிப்பதில்லை. அது மேல்நோக்கி எழுவது. ஆகவே நல்ல அரங்குகளில் பாட்டு மிகத் தெளிவாகக் கேட்பது மலிவான கேலரியில்தான் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு.

இனி பம்பாய்க்கு வருவோம். 1908ஆம் ஆண்டு இவ்வூரில் ஓர் ஓபரா மாளிகை எழுப்ப வேண்டும் என்று இருவர் எண்ணினர். ஒருவர் மாரிஸ் பாண்ட்மன் என்னும் நாடக முதலாளி. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, ஜிப்ரால்டரிலிருந்து கீழைக் கடல் துறைமுகங்கள் வரை தம் நாடகக் குழுக்களைக் கப்பலேற்றி அனுப்பியவர். நாம் சரக்கு வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுவதைப்போல் அவர் நடிகர்களுக்கு அட்டவணை போட்டார் என்றால் மிகையாகாது. மற்றவர் ஜஹாங்கீர் பிராம்ஜி கராக்கா என்னும் பார்சிப் பெருமகன், நிலக்கரித் தரகர். நீராவி யுகத்தில் நிலக்கரித் தரகு எத்தகைய செல்வம் கொழிக்கும் தொழில் என்பதை ரயில்வேக்காரர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. இவ்வாறு ஒருவரின் கனவும் மற்றவரின் கரிக் காசும் சேர்ந்து இம்மாளிகை உருவாயிற்று.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லி தர்பாருக்காகப் பம்பாயில் வந்து இறங்கினார். அவ்வருகையின் நினைவாக எழுந்த இந்தியாவின் நுழைவாயில் 1924இல்தான் முடிந்தது என்பது பலரும் அறிந்தது. ஓபரா ஹவுஸையும் மன்னர் 1911லேயே திறந்து வைத்ததாகக் கூறுவர். ஆனால் அப்போது கட்டட வேலை முடிந்தபாடில்லை. 1912 அக்டோபரில்தான் ஆட்டம் தொடங்கியது. அதன் பின்னரும் 1915 வரை சிறு சிறு வேலைகள் நடந்து கொண்டிருந்தன. ‘ராயல்’ என்ற அடைமொழி அரசரின் தொடர்பால் வந்தது. அரசருக்குப் பொழுதில்லை என்பதற்காக முடியாத கட்டடத்தைத் திறப்பது அன்றே தொடங்கிய வழக்கம்போலும்!

கட்டடத்தின் பாணி பரோக் என்பது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்து ஐரோப்பா முழுதும் பரவிய பாணி. நேர் கோட்டைக் கண்டால் அதை வளைத்துவிட வேண்டும், வெறுஞ் சுவரைக் கண்டால் அதில் ஒரு மாலையேனும் செதுக்கிவிட வேண்டும் என்பது அப்பாணியின் இயல்பு. பம்பாய்க்கு அது சற்றுப் புதிது. இந்நகரின் புகழ்பெற்ற பழங் கட்டடங்களில் பல, கூரிய வளைவுகளும் கோபுரங்களும் கொண்ட கோதிக் பாணியைச் சார்ந்தவை. விக்டோரியா டெர்மினஸ் என்று நாம் வழங்கிவந்த இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸும், ராஜாபாய் கோபுரமும் அவ்வகையின. அவை வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்பவை. ஓபரா ஹவுஸோ தெருவை நோக்கித் திரும்பி, நாடகத்துக்கு வருவோரை வரவேற்கும் முகத்தோடு நிற்கிறது. தூண்கள், அவற்றின் தலையில் இலைச் செதுக்கல், மேலே முக்கோண முகடு, பலகணிகளின் மீது சிற்ப வேலை. மேல்நாட்டு உருவங்களுக்கு இடையே இந்தியக் கைவினையின் சாயலும் கலந்திருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர் காணலாம். சித்திரம் ஐரோப்பாவினது எனினும் உளி பிடித்த கை நம் நாட்டுக் கையல்லவா!

வெளியை விட உள்ளே சிறப்பு மிகுதி. முகப்புக் கூடத்தில் நுழைந்ததும் தலைக்கு மேலே படிகச் சரவிளக்குகள் தொங்குகின்றன. ‘சான் சூசி’ விளக்குகள் என்பது அவற்றின் பெயர். அப்பெயரின் பின்னே ஒரு கதை உண்டு. பாக்தாத் நகரிலிருந்து 1832இல் பம்பாய்க்கு வந்து குடியேறிய யூத வணிகர் டேவிட் சாசூன். அவருடைய குடும்பத்தார் பைகுல்லாவில் வாழ்ந்த மாளிகைக்குச் சான் சூசி என்று பெயர்; பிரெஞ்சு மொழியில் ‘கவலையற்ற’ என்பது அதன் பொருள். அம்மாளிகை பின்னர் மசீனா மருத்துவமனையாயிற்று. விளக்குகள் சாசூன் குடும்பத்தின் கொடையாக ஓபரா ஹவுஸுக்கு வந்து சேர்ந்தன. பிற ஊரிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் இவ்வூருக்கு விட்டுச் சென்ற ஒளி அது. நம்மைப்போன்றோர் அதன் கீழே நின்று ஒரு நிமிடம் அண்ணாந்து பார்ப்பதில் பொருளுண்டு.

கூடத்தைக் கடந்து அரங்கினுள் புகுந்தால் மூன்று அடுக்குகள். கீழ்த்தளம், அதற்கு மேல் டிரஸ் சர்க்கிள், அதற்கும் மேல் கேலரி. கீழ்த்தளத்துக்குப் பின்னே, சோபா இட்ட பாக்ஸ்களில் சீமான்கள் சாய்ந்து அமர்ந்து பார்த்தனர். மேடையின் இரு மருங்கிலும் தனி மாடங்கள். மேடையின் விளிம்புக்கும் முதல் வரிசைக்கும் நடுவே வாத்தியக்காரர் அமரும் பள்ளம். வாத்தியம் வாசிப்போரின் தலை மறைக்காமல் நடிகரின் முகம் தெரிய வேண்டும். அதே வேளையில் வாத்திய ஒலி குரலை அமுக்கிவிடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் ஒரே மருந்து அப்பள்ளம்.

அண்ணாந்து நோக்கினால் குவிமாடம். எட்டுப் பகுதிகளாக வகுக்கப்பட்டு, கவிஞர்களுக்கும் நாடகாசிரியர்களுக்கும் காணிக்கையாக அலங்கரிக்கப்பட்டது. கேலரியில் இருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கருதியே மேற்கூரையை அவ்வாறு அமைத்தார்கள் என்று அறிகிறோம். கோயில் மண்டபத்தில் கல் சுவரிடையே நாகசுரம் முழங்கும்போது ஒலி நின்று நின்று கரைவதை நாம் கேட்டிருக்கிறோம். மாதா கோயில்களிலும் அப்படியே. பக்திக்கு அது பொருந்தும். ஆனால் பாட்டின் சொல் புரிய வேண்டுமாயின் ஒலி அத்தனை நேரம் தங்கலாகாது. ஒரு சொல் மறைந்த பிறகே அடுத்த சொல் வர வேண்டும்; அதற்காக அரங்கம் மொட்டையாக ஒலிக்கவும் கூடாது. இந்த இடைநிலையைக் கருவிகள் பெருகாத காலத்தில், அனுபவத்தையே அளவுகோலாகக் கொண்டு கண்டறிந்தார்களே, அதுவே வியப்பு.

இத்துணை பாடுபட்டுக் கட்டிய மாளிகையில் ஓபரா நடந்ததா? இக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறுவதாயின், பாண்ட்மன் கொண்டு வந்தவை பெரும்பாலும் இலண்டனில் அக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்த இசை நகைச்சுவை நாடகங்களே. அந்த வியாபாரமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1914இல் மூண்ட உலகப் போரினால் கடற்பயணம் ஆபத்தாயிற்று. 1922இல் பாண்ட்மன் மறைந்தார்.

அதைவிடப் பெரிய போட்டி அடுத்த தெருவிலேயே பிறந்துவிட்டது. ஓபரா ஹவுஸ் ஆட்டம் தொடங்கி ஏழு மாதம் ஆகுமுன், 1913 மே 3ஆம் நாள், அதே கிர்காம் வட்டாரத்தில் கோரனேஷன் கொட்டகையில் தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படம் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. இந்தியச் சினிமாவின் பிறந்தநாள் என்று நாம் கொண்டாடும் நாள் அது. பாட்டுக்கென்று மாளிகை கட்டியவர்கள், பேச்சே இல்லாத அந்த ஊமைப் படம் தங்கள் வீட்டுக்குள் ஒருநாள் புகும் என்று எண்ணியிருப்பார்களா?

ஆயினும், ‘ஓபரா வராத ஓபரா ஹவுஸ்’ என்று சிலர் இம்மாளிகையை எள்ளுவதை நாம் ஒப்புவதில்லை. ஓபரா வந்தது, இத்தாலிய மொழியில் வரவில்லை, மராத்தியில் வந்தது. 1880இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் ‘சங்கீத சாகுந்தல’த்தை அரங்கேற்றிய நாள் முதல் மராத்திய மக்களிடையே சங்கீத நாடகம் ஒரு பெருங்கலையாகத் தழைத்து வந்தது. பாலகந்தர்வர் பெண் வேடமிட்டு மேடைக்கு வந்தால், அவர் உடுத்திய புடவையையும் சூடிய பூவையும் குடும்பப் பெண்டிர் பார்த்துப் பின்பற்றினர் என்பது வரலாறு. ஒரே பாட்டை ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்க, அவரும் சலியாமல் பாடுவாராம். அத்தகைய பாலகந்தர்வரும், லதா மங்கேஷ்கரின் தந்தையார் மாஸ்டர் தீனாநாதரும் பாடி நடித்த மேடை இது. நம் தமிழ்நாட்டிலும் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மைக்கை நம்பாமல் பாடிய காலம் அதுவே. ஓட்டுக் கொட்டகையிலும் கீற்றுக் கொட்டகையிலும் தொண்டையே துணையாகப் பாடிப் பழகிய அன்றைய பாடகர்களுக்கு, ஒலிக்கென்றே கட்டிய இப்படியோர் அரங்கு கிடைத்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! இத்தாலியக் கட்டடக்காரன் கண்ட லாட வடிவம், மராத்திப் பாடகனின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்திற்று.

பிறகு சினிமா உள்ளே வந்தது. 1920களிலேயே படங்கள் காட்டத் தொடங்கிவிட்டனர். 1931 மார்ச் 14ஆம் நாள், கிர்காமிலேயே உள்ள மெஜஸ்டிக் கொட்டகையில் ‘ஆலம் ஆரா’ பேசியது, பாடியது. அதன்பின் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மக்களும் மாறினர். 1928லேயே பி. பி. அண்டு சி. ஐ. ரயில்வேயின் மின்சார வண்டிகள் போரிவிலி வரை ஓடத் தொடங்கியிருந்தன. புறநகரிலிருந்து படம் பார்க்க வருவது எளிதாயிற்று. நகரில் ரீகல் 1933இல் வந்தது. ஈராஸும் மெட்ரோவும் 1938இல் வந்தன. அவை படத்துக்கென்றே பிறந்த கொட்டகைகள். வளைந்த மாடம், சுதைப் பூ, தூண் எதுவும் அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை. நேர்க் கோடும் விளக்கு வரிசையும் போதுமாயிருந்தன. 1935இல் ஓபரா ஹவுஸும் முழுநேரச் சினிமாக் கொட்டகையாக மாற்றி அமைக்கப்பட்டது.

இங்கேதான் இம்மாளிகை தன் உறுப்புகளை இழந்தது. மேடையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு பாடகனைப் பார்ப்பது பாக்கியம். ஆனால் திரையின் பக்கத்தில் அமர்ந்து படம் பார்ப்பது தண்டனை. ஆகவே படக் கொட்டகைக்குப் பக்க மாடங்கள் வேண்டாதனவாயின, அவை நீக்கப்பட்டன. வாத்தியக்காரர் இல்லை, ஆகவே பள்ளம் மூடப்பட்டது. ஒலிபெருக்கி வந்துவிட்டது, ஆகவே சுதைப் பூக்கள் ஒலிக்கு ஆற்றும் தொண்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அலங்காரத்தின் மீது சாயத்துக்கு மேல் சாயம் ஏறிற்று. இதைச் செய்தவர்களை நாம் வசை பாடுவதற்கில்லை. அவர்கள் இம்மாளிகைக்குப் பிழைப்புத் தேடினார்கள். பிழைப்பு இல்லாத பழங் கட்டடம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பது பம்பாயின் மனை விலை அறிந்தவர்களுக்குத் தெரியும். கல்கத்தாவில் பாண்ட்மன் நடத்திய எம்பயர் அரங்கும் பின்னாளில் ராக்ஸி என்னும் சினிமாக் கொட்டகையாகவே மாறிற்று. எனினும் ஒரு வீட்டில் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிப்பதற்கும் தூணை அறுப்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்த மாடங்கள் தூணைப்போன்றவை.

சினிமாக் காலத்திலும் மேடை அடியோடு உறங்கிவிடவில்லை. 1944இல் பிருதிவிராஜ் கபூர் தம் பிருதிவி தியேட்டர்ஸைத் தொடங்கியபோது, அக்குழுவுக்குப் பம்பாயில் தாய்வீடாக அமைந்தது ஓபரா ஹவுஸே. ‘சகுந்தலா’, ‘தீவார்’, ‘பட்டான்’ முதலிய இந்தி நாடகங்களை இங்கே நடத்தினார். நாடு பிளவுபடும் அபாயத்தைப் பிளவுக்கு முன்னரே 1945இல் ‘தீவார்’ மேடையில் காட்டிற்று. ஆட்டம் முடிந்ததும் அவ்வளவு பெரிய நடிகர் வாயிலில் வந்து, தோளில் இருந்த துணியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, தலை குனிந்து நிற்பார். வெளியே செல்லும் மக்கள் இயன்றதை அதில் இடுவர். அக்காசு அகதிகளுக்கும் அல்லற்பட்டோருக்கும் போய்ச் சேரும். இக்காட்சியைக் கண்ட முதியோர் பலர் தத்தம் நினைவுகளில் பதிந்திருக்கின்றனர். சீமான்களுக்குச் சோபா போட்ட அதே மாளிகையின் வாயிலில், கூட்டத்தை நோக்கி ஒரு கலைஞன் ஏந்திய துணி! சாசூன் விளக்குகள் அவர் தலைக்கு மேலே எரிந்திருக்கும். அம்மாளிகையின் வரலாற்றில் நம் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இதுவே.

1952இல் சௌராஷ்டிரத்தைச் சேர்ந்த கோண்டல் சமஸ்தானத்து மகாராஜா விக்ரம்சிங்ஜி இதை வாங்கினார். கோண்டல் என்றதும் ரயில்வேக்காரருக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். அச்சிறு சமஸ்தானம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தனக்கென்று ரயில் பாதை அமைத்துக் கொண்டது. அதை ஆண்ட பகவத்சிங்ஜி மருத்துவம் பயின்ற மன்னர். ‘பகவத்கோமண்டல்’ என்னும் பேரகராதியைக் குஜராத்தி மொழிக்குத் தந்தவர். அக்குடும்பத்தின் கைக்கு மாளிகை வந்து சேர்ந்ததை நல்லூழ் என்றே கூற வேண்டும். ஏனெனில், பிற்காலத்தில் வருமானம் நின்ற போதும் அவர்கள் இடித்து விற்கவில்லை.

வருமானம் நிற்கத்தான் செய்தது. 1980களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி, தெருவுக்குத் தெரு வீடியோக் கடை. நம் காலனிகளிலும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீடு பூட்டிக் கொட்டகைக்குப் போன குடும்பங்கள், அண்டை வீட்டுப் பெட்டிக்கு முன்னே அமரத் தொடங்கியதை எவர் மறுப்பர்? பெரிய கொட்டகைகள் ஒவ்வொன்றாக இருண்டன. 1993இல் ஓபரா ஹவுஸின் கதவும் மூடிற்று. மழைநீர் கசிந்தது, மரம் உளுத்தது, சுதை உதிர்ந்தது. பஸ் கண்டக்டர் மட்டும் பெயரைக் கூவிக் கொண்டிருந்தார்.

விக்ரம்சிங்ஜியின் மைந்தர் ஜோதேந்திரசிங்ஜியும் அவர்தம் துணைவியாரும் 2008 முதல் புதுப்பிக்கும் பணியில் இறங்கினர். கட்டடப் பாதுகாப்பில் தேர்ந்த அபா நரேன் லம்பா அம்மையாரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2012இல் உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் என்னும் அமைப்பு, அழியும் நிலையில் உள்ளவற்றைச் சுட்டும் தன் பட்டியலில் இதனையும் சேர்த்தது. அதனால் வெளிநாட்டார் கவனமும் இதன்மீது திரும்பிற்று.

புதுப்பிப்பது என்றால் புதிதாகக் கட்டுவதன்று என்பதை இப்பணியிலிருந்து நாம் அறிகிறோம். சுவரில் ஏறியிருந்த சாய அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி, அடியில் இருந்த நிறம் யாது என்று தேடினர். பழைய நிழற்படங்களை வைத்துக் கொண்டு, சினிமாவுக்காக நீக்கிய பக்க மாடங்களைத் திரும்ப எழுப்பினர். மூடிய வாத்தியப் பள்ளத்தைத் திறந்தனர். வண்ணக் கண்ணாடிகளைப் பழுது பார்த்தனர். வெளிப்புறக் கல்லும் அழுக்கு நீங்கியது. அரசருக்குரிய மாடமும் தன் பழைய அலங்காரத்தைப் பெற்றது. ஊமைப் படமும் பேசும் படமும் வந்து போன பின், 1912இல் ஒரு குரலுக்காகக் கட்டிய கூடு மீண்டும் அதே வடிவத்தை அடைந்தது. இதில் ஒரு வழக்கும் உண்டு. சினிமாக் காலமும் வரலாறுதானே, 1935க்குப் பிந்தியதை அழித்து 1912க்குத் திரும்புவது முறையா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் பம்பாயில் அக்காலச் சினிமா மாளிகைகள் பல உள; ஓபரா மாளிகையோ இது ஒன்றே. இந்திய நாட்டிலேயே எஞ்சி நிற்கும் ஒரே ஓபரா மாளிகை என்று இதனைச் சொல்கிறார்கள். எனவே பழைய வடிவத்துக்கே நம் வாக்கு.

2016 அக்டோபரில் கதவு திறந்தது. திறப்பை ஒட்டிப் பாடியவர் பட்ரீஷியா ரொசாரியோ. பம்பாயில் பிறந்து, இங்கிலாந்து சென்று, மேல்நாட்டு ஓபரா மேடைகளில் புகழ்பெற்ற பாடகி அவர். ஓபராவுக்கென்று இவ்வூரில் எழுந்த மாளிகையில், ஓபராவையே வாழ்வாகக் கொண்ட இவ்வூர்ப் பெண் ஒருவர் வந்து பாட 104 ஆண்டுகள் பிடித்தன. மறு ஆண்டு, 2017இல், யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றை இப்பணிக்கு வழங்கிற்று. மும்பையின் பழங் கட்டடங்களை இடித்தே தீர வேண்டும் என்று கூறுவோர்க்கு அது ஒரு நல்ல விடையாயிற்று.

இப்போது அரங்கில் ஏறத்தாழ 575 இருக்கைகள் உள்ளன. கீழ்த்தளம், டிரஸ் சர்க்கிள், கேலரி என்ற பழைய மூன்று அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. பாட்டுக் கச்சேரியும் நாடகமும் நடனமும் நடைபெறுகின்றன. சர்னி ரோடு, கிராண்ட் ரோடு ஆகிய இரு ஸ்டேஷன்களில் எதில் இறங்கினாலும் நடந்தே போய்விடலாம். ஸ்லோ லோக்கல் இரண்டிலும் நிற்கும். நம் குடும்பங்கள் ஒருமுறை சென்று காணலாம். விலை உயர்ந்த சீட்டுக்காகத் தயங்க வேண்டியதில்லை. கேலரிக்குச் சீட்டு வாங்கினால் போதும். குவிமாடம் அங்கிருந்துதான் அருகில் தெரியும்.